ஜெனரேட்டர் பக்கம் நின்றவன்

இன்று காலை, பந்தல்குடிக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய நாற்காலிகளைக் குடோனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றின் முதுகில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. முக்கால்வாசி தேய்ந்து, ஓரம் கறுத்து, என் பெயரில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். உன் கையெழுத்து. நீ அதை ஒட்டிய பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை முதுகுகள் அதில் சாய்ந்து எழுந்திருக்கும். மழையில் நனைந்தது, சாம்பார் கொட்டியது, குழாயடியில் போட்டுத் தேய்த்தோம். பசை விடவில்லை. நம் ஊர்ப் பசை இல்லை அது. எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, வழக்கம்போல, "ஒரு நாடு" என்றாய்.

அந்த நாற்காலியைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தேன். வாடகைச் சாமானுக்கு இப்படியெல்லாம் மரியாதை செய்ய ஆரம்பித்தால் தொழில் நடத்த முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடி மற்றவற்றோடு அடுக்கிவிட்டேன். அடுக்கின பிறகு எந்த அடுக்கில் வைத்தேன் என்று தேடினேன். என் சாமர்த்தியம் உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருக்கும்போது எழுதியிருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பாய் என்று ஒரு பயம். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் இருந்தோம். கணக்குப் பரீட்சையில் நான் நின்றுவிட்டேன்; நீ நிற்காமல் மதுரை, சென்னை, டெல்லி என்று போய்க்கொண்டே இருந்தாய். அப்புறம் டெல்லியும் உனக்கு வழியில் வருகிற ஊராகிவிட்டது. இங்கே உன்னைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவுக எம்பசியில இருக்காக" என்பார்கள். எம்பசி என்பது ஒரு ஊர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

முப்பத்தாறு வருஷம் கழித்து, வேலை முடிந்து, மனைவியையும் ஏதோ ஒரு நாட்டில் பறிகொடுத்துவிட்டு, திருச்சுழியில் உன் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தாய். உன் சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. வீட்டில் உட்கார ஒன்றும் இல்லை என்று என் கடை வாசலில் வந்து நின்றாய். அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பித்தான் வரை போட்டுக்கொண்டு. நான் எழுந்து நின்று, "சொல்லுங்க சார், எத்தனை சேர் வேணும்?" என்றேன்.

"யாரைலே சார்ங்கிறே? ரெண்டு சேர் குடு."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும்."

"முகூர்த்த நாள்ல திருப்பிக் கேப்பேன், பரவாயில்லையா?"

நீ சிரித்தாய். முன்பல் இடுக்கு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு 'நீ' என்று வாய் வந்தது. தனி ஆளுக்கு இரண்டு நாற்காலி எதற்கு என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. மற்றது எனக்கு என்று ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. பெரிய அதிகாரி வீட்டுக்குள் போய் உட்கார எனக்குக் கூச்சம். வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் நீயே குடோனுக்கு வர ஆரம்பித்தாய்.

தினமும் காலை பதினோரு மணிக்கு வருவாய். சுருட்டிவைத்த சாமியானாத் துணி மேல் உட்காருவாய். ஊர் அங்கேயும் உன்னை விடவில்லை. பாஸ்போர்ட் வரவில்லை, வெளிநாட்டுக்குப் போன தம்பி போன் எடுக்கவில்லை, ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும். உனக்கும் ரேஷன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விரட்டப் பார்ப்பேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் மனு எழுதிக்கொண்டு வருவாய். வெளிநாட்டில் செத்துப்போன கூலிக்காரர்களின் உடலை ஊருக்கு அனுப்ப நீ அலைந்ததை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா விசாரித்துக்கொண்டு வந்து, "என் பிள்ளை முகத்தைக் காட்டுன சாமி" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் தெரிந்தது. "அது என் வேலைம்மா" என்றாய். அன்றைக்கு நீ நோட்டைத் திறக்கவே இல்லை.

பேச்சுவார்த்தைக் கதைகள் மட்டும் சொல்வாய். அதுவும் நாட்டின் பெயர் இல்லாமல். இரண்டு நாடு, ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. இந்த நாட்டுக்காரர் அங்கே போனால் இவர் தோற்றதாகிவிடும், அவர் இங்கே வந்தால் அவர் தோற்றதாகிவிடும். அதனால் மூன்றாவதாக ஒரு நாட்டில், வேறு ஏதோ ஒரு கூட்டத்தில், தற்செயல்போல இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், குளிருகிறது, அந்த ஜன்னலைச் சாத்த முடியுமா என்று மற்றவரைக் கேட்டார். அவர் எழுந்து சாத்தினார்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான். அன்னைக்கு எல்லாரும் நிம்மதியாச் சாப்பிட்டோம்."

"ஜன்னலைச் சாத்துறதுக்கா கவர்மெண்டு உன்னைப் பிளேன்ல அனுப்பிச்சு?"

"ஏலே, யாரு முதல்ல பேசுறதுன்னு ஒன்பது வருஷம் நின்னுபோன விஷயம்லே அது."

எந்த நாடு என்று நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். டீ ஆறுகிறது, குடி என்றாய்.

எங்கள் செல்வி விஷயத்தை உன்னிடம் நான் சொல்லவில்லை. ஊர் சொல்லியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல் போடுகிறவன், தன் ஒரே மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்துப் பையன், நூல் வியாபாரம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டு பேரும் விரும்பி முடிவு செய்துவிட்டு வந்து சொன்னார்கள். பையனிடம் ஒரு குறையும் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடம். குறை இருந்திருந்தால் கோபத்துக்குக் காரணம் கேட்கிறவர்களிடம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா" என்பதை நான் பிடித்துக்கொண்டேன். என் மகள்தானே, "கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீகளா" என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நடுவில் இருப்பது அரை மணி நேரப் பஸ் தூரம். என் வீட்டுக்காரி பூ வாங்கப் போகிறேன் என்று மாதம் இரண்டு தடவை அருப்புக்கோட்டை போவாள். திருச்சுழியில் பூவே கிடைக்காத மாதிரி நானும் அவளை வண்டியில் கொண்டுபோய்ப் பஸ்ஸடியில் இறக்கிவிடுவேன். திரும்பி வரும்போது கையில் பூ இருக்காது. நான் கேட்டதில்லை.

உனக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் மூன்று தடவை உன் வாசலுக்கு வந்தார்கள். மூன்று தடவையும் மோர் கொடுத்து அனுப்பிவைத்தாய். நாலாவது தடவை, அவர்களே எதிர்பார்க்காமல், சரி என்றுவிட்டாய். இரண்டு நிபந்தனை போட்டாய். இடம் திருச்சுழியும் வேண்டாம், அருப்புக்கோட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ரோட்டோரம் பழைய பருத்தி மில்லின் காலியிடம் போதும். யார் எங்கே உட்காருவது என்பதை நீதான் எழுதுவாய். பெரிய பதவியில் இருந்தவர், அப்படித்தான் கேட்பார் என்று தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் குடோனுக்கு வந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"உன் மகளை நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வாரேன். மாப்பிள்ளையோட வாரேன்னு சொல்லிருக்கா. பக்கத்துச் சேர்ல நீ உட்காருறே."

"நான் என்னத்தைப் பேச?"

"ஒன்னும் பேசாதே. மைக்கு இரையுதுன்னு சும்மா சொல்லு. அவ ஆமான்னுவா. இல்லைன்னா திரும்பிப் பார்ப்பா. அன்னைக்கு அது போதும்."

"என் மைக்கு இரையாதேலே."

"இரைய வையி."

விழாவே வேண்டாம் என்று இருந்தவன் எதற்காகச் சம்மதித்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தாறு வருஷம் நாடுகளுக்குச் செய்த வேலையை எனக்காக ஒரு தடவை செய்து பார்த்தாய்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய பிளக்ஸ். உன் தலைக்கு மேல் ஒரு விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. "நான் பைலட்டா இருந்தேன்னு நெனைக்கப் போறாக" என்று என் காதில் சொன்னாய். நாற்காலிகளுக்கு நீயே குனிந்து குனிந்து பெயர் ஒட்டினாய். பெயர் போட்டுவிட்டால் யாரும் யாரையும் எழுப்ப மாட்டார்கள் என்றாய். மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளை, அடுத்து செல்வி, அடுத்து நான். அந்த மூன்று பெயர்ச் சீட்டையும் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாய்.

அவர்கள் வந்தார்கள். செல்வி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பச்சைச் சேலை. தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் என் பெயரைப் படித்ததையும் பார்த்தேன். மடியிலிருந்த பையை அந்த நாற்காலியில் வைக்கப் போனவள், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

நான் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தபோது ஜெனரேட்டர் இருமியது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பந்தல்காரன் தான் போட்ட பந்தலுக்குக் கீழே விருந்தாளியாக உட்கார மாட்டான். கடைசி ஆள் போகிற வரைக்கும் ஜெனரேட்டர் பக்கம் நிற்பான். ஓடினேன். பில்டரில் மண். கழற்றி ஊதி மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட இருமவில்லை. நான்தான் போகவில்லை. புதுச் சட்டையில் எண்ணெய் பட்டுவிட்டது, துடைத்துவிட்டுப் போகலாம் என்று துடைத்தேன். இவர் பேசி முடிக்கட்டும், நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்றேன். அடுத்தவர் பேசி முடிக்கட்டும் என்றேன். மூன்று பேர் பேசி முடித்தார்கள். உனக்குப் பதினோரு பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஓடுகிற ஜெனரேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, அதற்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி நின்றேன்.

நீ பேச எழுந்தபோது செல்வி எழுந்தாள். மாப்பிள்ளை ஏதோ சொன்னார், அவள் தலையை ஆட்டினாள். அப்பன் பந்தலுக்குக் கீழே உட்கார மாட்டான் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனால் பெயர் எழுதி ஒட்டின நாற்காலிக்கு வராதவனைப் பழக்கம் என்று எந்த மகள் நினைப்பாள்? அவர்கள் வெளியே போகிற வரைக்கும் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாய். கூட்டம் நீ நெகிழ்ந்துபோய் நிற்பதாக நினைத்துக் கை தட்டியது. பிறகு நாலே நிமிஷம் பேசி முடித்துவிட்டாய்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தாய். பொன்னாடைகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாய். "இதையெல்லாம் சேர்த்து ஒரு சாமியானாத் தைக்கலாமா?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் தகராறு செய்துவிட்டது, விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன். நீ சாமியானாத் துணி மேல் உட்கார்ந்தாய்.

"ஜெனரேட்டர் நல்லா ஓடிச்சுலே" என்றாய். "மேடையில கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நான் கயிறு சுற்ற ஆரம்பித்தேன். நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பதிலாக ஒன்று சொன்னாய்.

"எங்க அய்யா செத்தப்ப நான் வரலை, ஞாபகம் இருக்கா? பிளேன் கிடைக்கலைன்னு சொன்னேன். ஊரெல்லாம் பாவம்னுச்சு. பிளேன் இருந்துச்சு. சீட்டும் இருந்துச்சு. அவரு எங்கிட்டப் பேசாம இருந்த அஞ்சாறு வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்லை."

நீ எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் உடலை அவரவர் தகப்பனிடம் சேர்த்தவன். அது என் வேலை என்று நீ சொன்னதற்கு அர்த்தம் எனக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது.

எழுந்து போகும்போது சொன்னாய்: "நடு இடம், தற்செயல், இதெல்லாம் நாடுகளுக்கு. நீ நேரா வீட்டுக்குப் போ. போயி, ஜெனரேட்டர் ஓடிச்சுன்னு சொல்லு."

சரி என்றேன். வைகாசி முகூர்த்தம் முடியட்டும் என்றேன். நீ கண் ஆபரேஷனுக்கு உன் மகன் இருக்கிற பெங்களூருக்குக் கிளம்பினபோது, "நான் திரும்பி வாரதுக்குள்ள போயிட்டு வந்து சொல்லு" என்றாய். அதற்கும் சரி என்றேன். ஆடி மாதம் ஒரு முகூர்த்தமும் கிடையாது. குடோனைப் பெருக்கிக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அப்போதும் போகவில்லை.

கண்ணுக்காகப் போனவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது என்று பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அங்கேயே தகனம். கீழே வரிசையாகக் கும்பிடு போடுகிற கை. நானும் ஒரு கை போட்டேன். இந்தச் சுற்றுப்பட்டில் யார் செத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அழுகிறவர்களுக்கு முன்னால் நான் கம்போடும் தார்ப்பாயோடும் போய் நிற்பேன். உன் வாசலில் ஒரு நிழல் போட எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் மகன் வீட்டைப் பூட்ட வந்தார். உன் உயரம், உன் முழுக்கைச் சட்டை, தமிழ் மட்டும் கொஞ்சம் தேடித் தேடி வந்தது. "நீங்க அப்பாவுக்கு?" என்று கேட்டார். ஒன்றாகப் படித்தோம் என்றேன். ஒரே பெஞ்ச் என்று சொல்லவில்லை. இரண்டு நாற்காலி என்னுடையது என்றேன். வாசலில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று முதுகு வெளுத்து, கை வைக்கிற இடம் வழவழத்து, உன் உடம்புக்கு வாகாக லேசாக வளைந்திருந்தது. மற்றது நான் கொடுத்த அன்றைக்கு இருந்தபடியே புதுசாக இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியவில்லை. இரண்டு இடத்தில் இறக்கிவைத்துவிட்டு நின்றேன். கை வலி என்று எதிரே வந்தவர்களிடம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்காரியிடம் பூ வாங்கப் போகிறேன் என்றேன். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, தனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்து திரும்பிப் போனாள்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. கையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. "வாங்க மாமா" என்றார், நான் வாராவாரம் வருகிறவன் மாதிரி. செல்வி உள்வாசல் வரைக்கும் வந்து, யார் என்று பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தம் மட்டும் கேட்டது. நான் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மழை இல்லை என்றேன். மாப்பிள்ளை ஆமாம் என்றார். பிறகு அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு ஜெனரேட்டர் நல்லாத்தான் ஓடிச்சு. நான்தான் பயந்துக்கிட்டு அங்கனயே நின்னுட்டேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. அவர் பாவம், விரலில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க."

அவர் என்னைக் கேட்டார். நான் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் அதை உள்ளே சொன்னார். உன் வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அளவுக்குப் பழக்கம் இல்லாததால் வேர்த்துக்கொண்டிருந்தது. சாப்பாடும் அவர் கையால்தான் வந்தது. தட்டைக் கழுவி வைத்த பிறகு மறுபடியும் குரல்.

"பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளுங்க."

"நாலரைக்கு" என்றேன்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, "அஞ்சே முக்காலுக்கும் ஒன்னு இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அஞ்சே முக்காலுக்குத்தான் வந்தேன். கிளம்புகிற வரைக்கும் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. திருச்சுழியில் இறங்கினதும் கால் தானாக உன் தெருவுக்குத் திரும்பி, பூட்டின கேட் வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்காரியிடம் சொன்னேன், நேரில் ஒரு வார்த்தை பேசவில்லையா என்று அழுதாள். மூன்று தடவை பேசினாள் என்று நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. ஊரில் யாருக்கும் புரியாது. மூன்று என்பது எவ்வளவு பெரிது என்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். அதனால் அந்த மூன்றையும் யாரிடமும் கொடுக்க முடியாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.